வரும் லைன், போகும் லைன்

மோட்டார் கொட்டகைச் சுவரில் இருந்த மூன்று சின்ன விளக்குகள் அன்று விடியற்காலை ஆறாகத் தெரிந்தன.

சிவப்பு, மஞ்சள், நீலம். மும்முனை மின்சாரத்தில் முனைக்கு ஒரு விளக்கு. கச்சிராயபாளையத்தில் இருபத்திரண்டு வருஷமாக மோட்டாருக்குள் செம்புக் கம்பிச் சுருளான காயிலைக் கட்டும் வியாகுலத்துக்கு, அந்த சுவிட்ச் பலகையில் ஆறு விளக்கு எரிய வழியே இல்லை என்று தெரியும். புதிதாகக் காயில் கட்டிய மோட்டார் முதல் ராத்திரி சூடாகிறதா என்று பார்க்கத்தான், கரும்புத் தோட்டத்து நடுவில் இருந்த அந்தக் கொட்டகைக்குப் பாயையும் போர்வையையும் கொண்டுவந்து படுத்திருந்தார். அவர் வலது கண்ணை மூடினார். மூன்று விளக்கு. இடது கண்ணை மூடினார். மூன்று. இரண்டையும் திறந்தார். ஆறு.

பழுது தேடுவதில் அவருக்கு ஒரே ஒரு முறைதான் உண்டு. எதையும் இரண்டாகப் பிரி. எந்தப் பாதி சரியாக இருக்கிறதோ அதை விட்டுவிடு. மிச்சத்தை மறுபடி இரண்டாகப் பிரி. இப்படியே போனால் எவ்வளவு பெரிய பழுதும் கடைசியில் ஒரு கம்பிக்குள் வந்து நிற்கும். பலகை சரி. ஒவ்வொரு கண்ணும் தனித்தனியே சரி. இரண்டு கண்களையும் ஒரே பக்கம் இழுத்துப் பிடிக்கும் ஏதோ ஒன்றுதான் தளர்ந்திருக்கிறது. ஆனால் அது ஏன் தளர வேண்டும்?

அதற்குமேல் போக வயிறு விடவில்லை. தொப்புளைச் சுற்றி முறுக்கிய வலி. வாந்தி. தூக்கம் வராமலே இமைகள் தாமாக இறங்கின. விரலால் தூக்கிவிட்டால் மறுபடி இறங்கின. போன் போட்டபோது நாக்கு தடித்துப்போயிருந்தது. பட்டறையில் கூட வேலை செய்யும் ராசு வண்டியில் வந்து சேர்ந்த நேரத்தில், அவர் வாந்தியின் மேலேயே குப்புறக் கிடந்தார்.

"இன்னாண்ணே இது," என்றான் ராசு. குனிந்து சட்டையை மோந்து பார்த்தான். "நீயுமா?"

சட்டையில் இருந்தது காயிலுக்குப் பூசும் வார்னிஷின் வாசனை. அதில் கலக்கும் தின்னரின் நெடி. பட்டறையில் அதை ராசுவும்தான் தினமும் மோந்தான். ஆனால் கள்ளச்சாராயத்தில் கொத்துக் கொத்தாக ஆட்கள் போன ஊர்ப்பக்கம் அது. வயிற்று வலி, கண் மங்கல், குழறும் பேச்சு என்றால் அங்கே குழந்தைக்குக்கூட ஒரே காரணம்தான் தோன்றும். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் பீடத்தின் முன் சத்தியம் பண்ணிக் குடியை விட்டவர் வியாகுலம் என்பது ராசுவுக்குத் தெரியும். சத்தியம் பண்ணியவர்கள் என்ன ஆவார்கள் என்பதும் தெரியும்.

'வார்னிஷ்டா' என்று சொல்ல வியாகுலம் வாயைத் திறக்கப் பார்த்தார். வாய் திறக்கவில்லை.

*

மூன்றாம் நாள் பிற்பகல். கள்ளக்குறிச்சியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. மழை.

கண்களைப் பிளாஸ்திரி போட்டு மூடிவிட்டதால் வியாகுலத்துக்கு மிச்சமிருந்தது காதும் மூக்கும் தோலும்தான், ஆனால் அவை மூன்றும் அவர் வாழ்நாளில் என்றுமில்லாத கூர்மையோடு இருந்தன: தொண்டைக்குள் இறங்கிய குழாயில் மிஷின் காற்றைத் தள்ளும் புஸ் என்ற ஓசையும், வால்வு திரும்பும் டக் என்ற ஓசையும், ஜன்னல் தகரத்தில் மழை தட்டும் சீரும், ஈரச் சுவரின் சுண்ணாம்பு வாசமும், இடது கணுக்காலில் வந்து உட்கார்ந்து நிதானமாக ரத்தம் குடித்துவிட்டுப் போன ஒரு கொசுவும் அவருக்குத் தெரிந்தன. கொசு கடித்த இடம் ஒரு மணி நேரம் அரித்தது. சொறிந்துகொள்ள முடியவில்லை.

காலையில் டாக்டர் அவருடைய இமைகளைப் பிரித்து டார்ச் அடித்தார். அந்த வெளிச்சம் ஆணி போல இறங்கியது. "கண்மணி விரிஞ்சி கெடக்கு, அசையவே இல்ல," என்றார். சாவியால் உள்ளங்காலைக் கீறினார். நெற்றியை அழுத்தினார். வலி மண்டைக்குள் மணி அடித்தது. அசைவில்லை என்று எழுதிக்கொண்டார்.

"ரத்தம் சென்னைக்குப் போயிருக்கு. ரிசல்ட் வர நாளாவும். ஆனா மூள போயிட்டா மாதிரிதாம்மா தெரியுது. மத்தியானம் மூளைக்கு ஒரு டெஸ்ட் எடுப்பாங்க. அதுலயும் கோடு எழும்பலன்னா, மிஷின எடுத்துட்டு சாயந்தரமே வூட்டுக்கு அழைச்சிக்கினு போங்க."

மனைவி மார்கரெட் அழவில்லை. அதுதான் வியாகுலத்தை உறையவைத்தது. "குடிச்சி செத்தவருக்கு வடக்கனந்தல் கோயில்ல மணி அடிப்பாங்களான்னு ஃபாதர கேக்கணும்," என்று யாரிடமோ சொன்னாள். "தம்பிங்க குழி வெட்ட ஆள் பார்க்கப் போயிருக்காங்க." செருப்புச் சத்தம் வராந்தாவில் தேய்ந்து மறைந்தது.

கூட இருந்தது மகள் ஷீபா மட்டும். கல்லூரியில் இரண்டாம் வருஷம். இரண்டு ராத்திரியாகக் கட்டில் கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டே இருந்தாள். நடுப்பகலில் ராசு வந்து ஒரு மூட்டையைக் கட்டிலுக்கடியில் தள்ளினான்.

"கொட்டாயில கெடந்த படுக்கைய அப்டியே சுருட்டி எடுத்தாந்தேன் பாப்பா. தர ஈரமா கீது. செத்த படு."

"தூக்கம் வர்ல மாமா. அவரு குடிச்சாரா இல்லையான்னு தெரிஞ்சாதான் எனக்கு தூக்கம் வரும்."

*

டெஸ்ட் எடுக்க வந்தவள் பெயர் இசைவாணி. ஒரு பெட்டியைத் திறந்த கிளிக் சத்தமும், பசையின் உப்பு வாசமுமாக அவள் அறைக்குள் வந்தாள்.

"கதவ சாத்துமா. ஃபேன நிறுத்து. ஒன் போன், என் போன் ரெண்டையும் வெளிய வெச்சிடு. மூளையில வர்ற கரண்ட்டு ரொம்ப ரொம்பக் கம்மி. பக்கத்துல ஒரு ஃபேன் சுத்துனா போதும், அதுவே கோட்டுல வந்து ஒக்காந்துக்கும்."

வியாகுலத்துக்கு அந்தக் குரலை உடனே பிடித்துவிட்டது. வேலையைச் சொல்லிக்கொண்டே செய்கிற ஆள். அவரும் அப்படித்தான்.

முதலில் மணிக்கட்டில் இரட்டை முனைக் கருவி ஒன்றை வைத்தாள். சுளீர் என்று ஷாக். எர்த் இல்லாத மோட்டாரைத் தொட்டது போல. மறுபடி. மறுபடி.

"விரலு ஆடவே இல்லக்கா," என்றாள் ஷீபா.

"அதான் விசித்திரமா கீது." இசைவாணி கீபோர்டைத் தட்டினாள். "தொடு உணர்ச்சிய கொண்டாற நரம்பு ஒண்ணு, தசைக்கு உத்தரவு கொண்டுபோற நரம்பு ஒண்ணு. கொண்டாறது அருமையா கீது. உத்தரவு போயி சேர்ற எடத்துலதான் தச ஒண்ணுமே வாங்க மாட்டேங்குது. மூள போனா இப்டி ஆவாதே."

வியாகுலத்தின் மூளை, போய்விட்டதாகச் சொல்லப்பட்ட அந்த மூளை, சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தது. இரண்டாகப் பிரி. மூளை, உடம்பு. யோசிக்க முடிகிறது, மூளை சரி. வரும் லைன், போகும் லைன். கொசு தெரிந்தது, ஷாக் தெரிந்தது, வரும் லைன் சரி. போகும் லைனில் கம்பி அறுந்திருந்தால் கை கால் ஏதோ ஒன்றுதான் போகும். எல்லாம் ஒரே நேரத்தில் போகாது. ஆக, கம்பியும் சரி. கம்பி தசையில் சேரும் முனைகள் மட்டும். உடம்பு முழுக்க, அத்தனை முனைகளும். யாரோ ஒவ்வொன்றாகத் திருகிக் கழற்றிவிட்டது போல. கண்ணை இழுக்கும் சின்ன முனைகளில் தொடங்கி.

சாராயம் அதைச் செய்யாது. எது செய்யும்?

அவள் மண்டையில் கரகரப்பான எதையோ தேய்த்து, பசை வைத்து, கம்பிகளை ஒட்டினாள். இருபத்தொன்று. எண்ணினார். பிறகு அமைதி. ஃபேன் இல்லாத அறையில் சின்னச் சின்னச் சத்தங்களும் மேலே வந்தன. புஸ். டக். மழை. கட்டிலுக்கடியில் பாய்க்கோரை லேசாக உரசும் ஒலி. எலியோ என்னவோ.

"ஏம்மா," என்றாள் இசைவாணி. குரல் மாறியிருந்தது. "இங்க வா. கோடு எழும்பி கீது பாரு. பின்மண்டையில. நொடிக்குப் பத்து அல. கண்ண மூடிக்கினு சும்மா படுத்திருக்கற ஆளுக்கு வர்றது இது. நல்லா இருக்கற ஆளுக்கு."

"அப்டின்னா?"

"இரு. கம்பி தப்பா ஒட்டியிருக்கலாம்." ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தாள். "நீ பேசும்போது அல காணாமப் போவுது. நீ நிறுத்துனா மறுபடி வருது. மனசு எதையாவது கெட்டியாப் பிடிச்சா இந்த அல உடைஞ்சிடும். அதான் கணக்கு." அவள் மூச்சு வியாகுலத்தின் காதுக்கருகே வந்தது. "அண்ணே. நான் பேசறது கேட்டா, மனசுக்குள்ளயே நூறுலருந்து ஏழேழா கழிங்க."

தொண்ணூற்று மூன்று. எண்பத்தாறு. எழுபத்தொன்பது.

"ஒடையுது." அவள் கிசுகிசுத்தாள். "இப்ப நிறுத்துங்க."

நிறுத்தினார். ஒன்றும் நினைக்காமல் இருப்பது மலை ஏறுவதைவிடக் கஷ்டமாக இருந்தது.

"வந்துடுச்சி. ஐயோ, இந்த மனுசன் மூணு நாளா முழிச்சிக்கினு கீறாரு."

ஷீபாவின் கை அவர் கையைப் பிடித்தது. வியர்த்த கை. "நான் ஒண்ணு கேக்கணும்க்கா. ஒண்ணே ஒண்ணு."

"கேளு. ஆமான்னா கழிக்கட்டும். இல்லன்னா சும்மா இருக்கட்டும்."

"அப்பா. குடிச்சியா?"

வியாகுலம் மனதைத் தரையில் ஊற்றிய தண்ணீர் போலப் பரப்பினார். எதையும் பிடிக்கவில்லை. புஸ். டக். புஸ். டக்.

"அல அப்டியே கீதும்மா. குடிக்கல."

அவள் அழுதாள். அவர் புறங்கையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, மூன்று நாளாகத் தேக்கியதை எல்லாம் அழுதாள்.

"குடிக்கலன்னா வேற இன்னாமோ. டாக்டர் மாடியில ஆபரேஷன்ல கீறாரு, நான் போயி நிறுத்திப் பிடிக்கறேன்," என்றாள் இசைவாணி. "கம்பியக் கழட்டாத. மிஷின யாரையும் தொட விடாத. அர மணி நேரம். நீ ஒக்காரு, விழுந்துடப் போற."

கதவு சாத்திக்கொண்டது. காலடிகள் படியேறி ஓடின.

ஷீபா மூக்கை உறிஞ்சினாள். சிரிப்பும் வந்தது அவளுக்கு. "நான் அப்பவே அம்மாகிட்ட சொன்னேன்பா. கேட்டாத்தானே." பிறகு நீளமாக ஒரு கொட்டாவி. "அக்கா வர்ற வரைக்கும் செத்த சாயறேன். இங்கயேதான் இருப்பேன். சரியா?"

கட்டிலுக்கடியிலிருந்து மூட்டை இழுபடும் சத்தம். கயிறு அவிழும் சத்தம்.

பாய்க்கோரை உரசியது. அவள் மூட்டையைத் தொடுவதற்கு முன்பும் உரசியதே.

மூட்டை. கொட்டகையிலிருந்து வந்த மூட்டை.

கொட்டகை. அந்த ராத்திரி. இடுப்பருகே போர்வைக்குள் ஏதோ குளிர்ச்சியாக இருந்தது. மோட்டாரின் ஈரக் குழாய் என்று நினைத்துப் புரண்டு படுத்தார். குழாய் சுவர் ஓரம். படுக்கையில் குழாய் ஏது?

கல்வராயன் மலைமேல் கரியாலூரில் ஒருமுறை மோட்டார் சரிபண்ணப் போனபோது, தோட்டக்காரர் சடையன் பீடி பிடித்துக்கொண்டே சொன்னது நினைவுக்கு வந்தது. அதை அன்றைக்கு அவர் பாதிதான் கேட்டார். *அது கடிச்சா தெரியாதுங்க. தூக்கத்துல கடிக்கும். தடம் இருக்காது, வீக்கம் இருக்காது. வயிறு வலிக்கும். அப்புறம் கண்ணு இமை விழும். அவ்ளோதான். சூடு தேடிப் படுக்கைக்குள்ள வரும். சுருண்டுக்கிச்சின்னா அந்த எடத்த விடாதுங்க.*

பாய் விரிந்தது. போர்வையை அவள் உதறவில்லை. சுருட்டியது சுருட்டியபடியே வைத்தாள். தலைக்கு.

தொண்ணூற்று மூன்று. எண்பத்தாறு. எழுபத்தொன்பது. எழுபத்திரண்டு. திரையில் கோடுகள் உடைந்துகொண்டிருக்கும். இருபத்தொரு கம்பியிலும் அவர் கத்திக்கொண்டிருந்தார். பார்க்க ஆள் இல்லை.

அறுபத்தைந்து. எழுந்திரு. ஐம்பத்தெட்டு. எழுந்திரு ஷீபா.

"அப்பா," என்றாள் கீழேயிருந்து, தூக்கம் ஏறிய குரலில். "ஒன் போர்வையில வார்னிஷ் வாசன."

புஸ். டக்.

அவள் மூச்சு சீரானது. அதற்குக் கீழே இன்னொரு சத்தம். துணிமேல் துணி நகர்வது போல. மெதுவாக.

பழுது ஒரு கம்பிக்குள் வந்து நின்றுவிட்டது. கடித்தது கட்டுவிரியன். அது இருப்பது போர்வை மடிப்புக்குள். ஷீபாவின் கழுத்து அந்த மடிப்பின் மேல்.