வாய் மூடுறதுக்குள்ள முடிச்சிடு!

"ஆஆஆ...!"

அலறல் கீழே ஹாலிலிருந்து வந்தது.

மாடி பெட்ரூமில் பீரோவுக்குள் கைவிட்டிருந்த உடும்பு, விட்ட கையை எடுக்க மறந்து நின்றான்.

உடும்பு என்பது தொழில் வட்டாரத்தில் அவனுக்கு வைத்த பெயர். எந்தச் சுவரானாலும் அப்பிக்கொண்டு ஏறிவிடுவான். ஆனால் ராத்திரி வேலை ஆகாது... இருட்டென்றால் பயம்! ஞாயிற்றுக்கிழமை மதியம், ஊரே உண்ட மயக்கத்தில் குறட்டை விடும் நேரம்தான் அவனுக்கு ஆபீஸ் டைம்.

"என்ன அலறல் இது?" கீழே ஓர் ஆண்குரல் கணீரென்று அதட்டியது. "முள்ளு குத்தின மாதிரி இருக்கு! சாகறவன் இப்படியா அலறுவான்?"

"இன்னொரு தடவை பண்ணிடலாம்ப்பா..." என்றது இன்னொரு குரல்.

"பண்ணு. ஆனா ஒண்ணு... அவன் வாய் மூடுறதுக்குள்ள முடிச்சிடு! போன தடவை வாயை மூடின அப்புறமும் சத்தம் வந்துச்சு. மானமே போச்சு!"

உடும்பு பீரோவிலிருந்து கையை மெல்ல உருவினான்.

அடப்பாவிகளா! பட்டப்பகலில்... ஃபேனைப் போட்டுக்கொண்டு... கொலையா!

"கிழவன் யாருக்கு?"

"கிழவன் எனக்கு. டீக்கடைக்காரனையும் நானே பார்த்துக்கறேன்."

"அப்ப குழந்தை?"

"குழந்தையை எனக்கு விட்டுடுங்க!" ஒரு பெண்குரல் சிரித்தது. "குழந்தைன்னா ரெண்டே நிமிஷத்துல முடிச்சிடுவேன். எனக்கு அல்வா சாப்பிடற மாதிரி!"

சே! இவளெல்லாம் ஒரு பொம்பளையா!

உடும்பு சத்தமில்லாமல் ஜன்னலுக்கு நகர்ந்தான். இடுப்புப் பையில் இரண்டு வளையலும் ஒரு கைக்கடிகாரமும் இருந்தன. கிடைத்தவரை லாபம். ஒரு காலை வெளியே போட்டான். தண்ணீர்க் குழாயைப் பிடித்தால் தோட்டம். தோட்டத்தைத் தாண்டினால் தெரு. தெருமுனை திரும்பினால் வீடு.

வீட்டில் மனைவி இருக்கிறாள். 'இன்னொரு வாட்டி உள்ளே போனே... நான் எங்கண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன். கூப்பிட வந்தாலும் வரமாட்டேன்' என்று போன மாதம்தான் சொல்லியிருந்தாள். சொன்னால் செய்கிற ரகம் அவள்.

அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது.

"அம்மா... என்னை விட்டுடச் சொல்லும்மா... பயமா இருக்கும்மா..."

பிஞ்சுக் குரல்!

உடும்பு கண்ணை இறுக மூடினான். போய்விடலாம். யார் பெற்ற பிள்ளையோ...

"அம்மா...!"

"ஐயோ, என் புத்தியைச் செருப்பால அடிக்க!" என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டு வெளியே போட்ட காலை உள்ளே இழுத்தான்.

தொழிலுக்கு வரும்போது அவன் செல்போன் எடுத்து வருவதில்லை. நல்லவேளை, கட்டில் ஓரமாக ஒரு பழைய போன் இருந்தது. போலீஸ் நம்பரை அழுத்தினான்.

கீழே ஏதோ மணி அடித்தது; சட்டென்று எல்லாக் குரலும் அடங்கின.

"ஹ... ஹலோ... போலீஸுங்களா?"

கரகரத்த குரல் ஒன்று உறுமியது.

"ஸ்டேஷன்தான்! இன்ஸ்பெக்டர் பேசறேன். யாருய்யா நீ?"

"சார்... இங்க ஒரு வீட்ல கொலை நடக்குது சார்! கிழவன், டீக்கடைக்காரன் எல்லாரையும் பங்கு போட்டுக்கிட்டாங்க! இப்ப குழந்தை சார்... சீக்கிரம் வாங்க!"

"நீ அங்கே என்ன பண்றே?"

"திருட வந்தேன் சார்..."

"என்ன எடுத்தே?"

"ரெண்டு வளையல். ஒரு வாட்ச்."

"வாட்ச் ஓடுதா?"

"இல்லீங்க சார்."

"எனக்குத் தெரியும். எல்லாத்தையும் எடுத்த இடத்துல வெச்சிட்டு, கையைத் தூக்கிக்கிட்டுக் கீழே இறங்கு!"

"கீழேயா? கொன்னுடுவாங்க சார்!"

"எங்க ஆளுங்க வீட்டைச் சுத்தி நிக்கறாங்க. இறங்கு!"

"என்னைப் பிடிச்சுக்கங்க சார்... ஜெயில்ல போடுங்க... என் பொண்டாட்டி போனாலும் போகட்டும். முதல்ல அந்தக் குழந்தையைக் காப்பாத்துங்க சார்..."

உடும்பு அழுதேவிட்டான்.



"இறங்கி வாய்யா," என்றது குரல். அதட்டல் பாதியாகக் குறைந்திருந்தது.

வளையலையும் வாட்சையும் எடுத்த இடத்தில் வைத்துவிட்டு, கையைத் தூக்கிக்கொண்டு, படிப்படியாக இறங்கினான் உடும்பு.

ஹாலில் ரத்தமும் இல்லை, பிணமும் இல்லை. பெரிய டி.வி.யில் கோட்டு போட்ட வெள்ளைக்காரர்கள் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு, சத்தமில்லாமல் வாயசைத்துக் கொண்டிருந்தார்கள். சோபாவில் மூன்று பேர். ரிமோட்டும் கையுமாக ஓர் ஒல்லி மனிதர். கண்ணாடி போட்ட, பருமனான ஒரு பெண்மணி. நடுவில் ஒரு வழுக்கைத் தலைக்காரர்.

"குழந்தை எங்கே?" கத்தினான் உடும்பு.

பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டு வாயைத் திறந்தாள்.

"நான்தான் மாமா குழந்தை!"

அதே பிஞ்சுக் குரல்!

உடும்பு தலை சுற்றிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"நாங்க டப்பிங் ஆர்ட்டிஸ்ட்டுங்கப்பா," என்றார் ஒல்லி மனிதர். "இது லண்டன் ரவுடிங்க படம். ஒருத்தனை ஒருத்தன் ஏமாத்தி, கடைசியில எல்லாருமே ஏமாந்து நிப்பானுங்க. சிரிச்சே வயிறு புண்ணாகும்! அந்தக் காலத்துல தமிழ்ல பேசினது நாங்கதான். வந்தப்போ ஈ காக்கா பார்க்கலை. அப்புறம் காலேஜ் பசங்க தலையில தூக்கி வெச்சிக்கிட்டு ஆடினாங்க. இப்ப இங்கிலீஷ்ல மட்டும்தான் கிடைக்குது. அதான் சத்தத்தைக் குறைச்சிட்டு நாங்களே மறுபடி பேசிப் பார்க்கறோம். படத்துல வாய் மூடுறதுக்குள்ள வசனத்தை முடிக்கணும்ல?"

"அப்ப... இன்ஸ்பெக்டர்?"

வழுக்கைத் தலைக்காரர் காதிலிருந்த ரிசீவரை இறக்கினார்.

"ஸ்டேஷன்தான்!" என்று உறுமினார். "மாடி போன் ஹாலுக்கு மட்டும்தான் வரும். எந்த நம்பரை அமுக்கினாலும் இங்கேதான் அடிக்கும். எத்தனையோ படத்துல போலீஸா பேசியிருக்கேன்... என் குரலை நம்பிச் சரணடைஞ்ச முதல் ஆள் நீதான்யா!"

"போலீஸ் வரலையா? நிஜமாவா? நான் வீட்டுக்குப் போலாமா?"

"இல்லாத குழந்தைக்காக வந்து மாட்டிக்கிட்டியே... போப்பா," என்றாள் பெண்மணி. அவள் மூக்கு சிவந்திருந்தது. "பொண்டாட்டியோட ஒழுங்கா இரு. இந்தப் பொழப்பு வேண்டாம்."

உடும்பு எழுந்தான்.

காலிங் பெல் அலறியது!

வாசலில் காக்கி. நிஜக் காக்கி!

"பக்கத்து வீட்லேர்ந்து கம்ப்ளைன்ட்," உள்ளே வந்தார் இன்ஸ்பெக்டர். "இங்க யாரையோ கொல்றாங்களாம். அலறினது யாரு?"

மூவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"டப்பிங் ஒத்திகை சார்," என்றாள் பெண்மணி. அவள் விரல் உடும்பை நோக்கி நீண்டது. "அலறினது இவருதான். அலறல் மட்டும் தனியா கொடுக்கற ஆர்ட்டிஸ்ட்!"

"அப்படியா? எங்கே... ஒரு தடவை அலறுங்க, பார்ப்போம்!"

உடும்பு வாயைத் திறந்தான். காற்றுதான் வந்தது.

இன்ஸ்பெக்டரின் கண்கள் சுருங்கின. கிட்டே வந்தார். அவன் தோளில் கையை வைத்தார்.

"ஆமா... உங்களை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கே?"

"ஆஆஆஆஆஆ...!!!"

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. தெருநாய்கள் மொத்தமும் ஊளையிட்டன. ஒல்லி மனிதரின் கையிலிருந்த ரிமோட் கீழே விழுந்தது.

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார். வாசல்வரை போனவர் திரும்பி, உடும்புக்கு ஒரு சல்யூட் வைத்தார்.

"பிரமாதம் சார்! என் சர்வீஸ்ல எத்தனையோ திருடனைப் பிடிச்சிருக்கேன்... ஒருத்தன்கூட இவ்வளவு தத்ரூபமா அலறினதில்லை!"