மத்தேயு கோவில் சந்தின் ஆயம்

ஆண்டவருக்குப் போட்ட விலை முப்பது வெள்ளிக்காசு. விற்றவன்கூட அதில் இலாபம் காணவில்லை. கொட்டாஞ்சேனை முதலாளி ஒருவர் அவனைவிடக் கெட்டிக்காரர். வானத்துக்குக் கீழே கால் வைத்து நடப்பதற்கு அவர் போட்ட விலை, கூடைக்கு மூன்று சதம்.

சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்த மறுநாள், மத்தேயு கோவிலடிச் சந்துக்குக் குறுக்கே இரும்புக் கம்பி ஒன்றைப் போட்டு, வழிவரியான ஆயம் வாங்க ஆளும் வைத்தார். பெரிய றோட்டை இராணுவ லொறிகள் பிடித்துக்கொண்ட காலம். மட்டக்குளியிலிருந்து மீன் கொண்டுவரும் பெண்களுக்கு அந்தச் சந்தை விட்டால் வேறு வழியில்லை. கேட்டால், "என் பூட்டனார் அரசாங்கத்திடம் குத்தகைக்கு எடுத்த ஆயம்" என்றார்.

பூட்டனார் குத்தகைக்கு எடுத்தது உண்மைதான். கோவிலுக்குப் போன சவப்பெட்டிக்கும் ஆயம் கேட்டு, 1868இல் கோட்டு வழக்கில் தோற்றதும் உண்மை. சந்து பொதுவழி, யாரும் ஆயம் கேட்கக்கூடாது என்பது தீர்ப்பு. கோட்டுப் பிரதியைக் கறையான் தின்றுவிட்டது. மிஞ்சியது கோவில் அலுமாரியில் இருந்த ஒரே பிரதி. செவ்வாய்க்கிழமை வழக்கு. தாள் இல்லாவிட்டால் கம்பி நிலைத்துவிடும்.

1942 ஏப்ரல் 4, சனிக்கிழமை. காலை 10.40.

பங்குச்சுவாமி நிக்கலஸ் தீர்ப்பு இருந்த உறையை வெட்டித் திறந்தார். உள்ளே வெறும் வெள்ளைத்தாள்.

"மாதாவே!" என்றார்.

பக்கத்தில் நின்றவர் சிவபாதசுந்தரம். மீன்காரப் பெண்களுக்காக வழக்காடும் பிரக்கிராசியின் கிளாக்கர். நெற்றியில் திருநீறும் கக்கத்தில் குடையுமாக வெள்ளவத்தையிலிருந்து பஸ்ஸில் வந்தவர். வியாழன் பின்னேரம் தீர்ப்பை இதே உறைக்குள் வைத்தது அவர்தான். உறையின் வாயில் தாள்பட்டி ஒட்டி, அதன்மேல் சுவாமியிடம் கையெழுத்தும் வாங்கியிருந்தார்.

பட்டி கிழியவில்லை. கையெழுத்து மட்டும் நிறம் மாறியிருந்தது. தபால் கந்தோரில் ரசீது எழுதும் பென்சில் அது. காய்ந்திருக்கும்வரை சாம்பல், ஈரம் பட்டால் ஊதா. வியாழக்கிழமை சாம்பல். இப்போது கத்தரிப்பூ ஊதா.

"ஆரோ ஈரத்துணியால பட்டியை ஊறவைச்சு உரிச்சிருக்கினம், சுவாமி. தாளை எடுத்திட்டு திரும்ப ஒட்டியிருக்கினம்."

வெளியே பெருஞ்சண்டை. தீர்த்தத்துக்காகப் போத்தல்களோடு நின்ற வரிசையைக் கோவில் சங்கிலித்தாம் ஸ்ரனிஸ்லாஸ் அடக்கிக்கொண்டிருந்தார். மணி, மெழுகுதிரி, சாவிகள் தொங்கும் திறப்புக்கோர்வை எல்லாம் அவர் பொறுப்பு.

"ஆளுக்கு ஒரு போத்தல்!"

"ரெண்டு நாளாச் சொட்டுத் தீர்த்தம் இல்லாமல் விட்டிட்டு இப்ப ஒரு போத்தலோ?" மீன்கார நேசத்தின் குரல் அலைகளை அடக்கிப் பழகியது. "ஜப்பான்காரன் குண்டு போடேக்க என்ர வீட்டுக்கு நீரோ வந்து தெளிப்பீர்?"

11.05. ஆண்டவர் மரித்த பெரிய வெள்ளியான நேற்று, உறை இருந்த பூசை உடுப்பு அறைக்குள் போனவர்கள் மூன்று பேர். கிளாக்கர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்.

பீடத்து விரிப்புகள் துவைக்கும் றோஸி முதலில் வந்தாள்.

"நேற்றுத் துணி துவைச்சனீங்களோ, தங்கச்சி?"

"பெரிய வெள்ளியில துணி துவைக்கிறவள் வேதக்காரியோ, ஐயா?"

அடுத்தது ஸ்ரனிஸ்லாஸ்.

"அலுமாரித் திறப்பு ஆரிட்ட இருந்தது?"

"என்னட்ட. காலமை பதினொரு மணிக்கு மூப்பர் கேட்டவர், குடுத்தனான். எட்டிப் பார்க்கேக்க உறையைக் கையில வைச்சுக்கொண்டு நிண்டவர்."

"கேட்கேல்லையோ, என்னத்துக்கெண்டு?"

"மூப்பரைக் கேள்வி கேட்டிட்டு நான் இந்தக் கோவில்ல இருக்கிறதோ?"

11.30. கோவில் காரியம் பார்க்கும் மூப்பர் ஹியூபேட் வந்தார். தெருமுனையில் இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவர். கோவில் கூரைக்குத் தகரம் கொடுத்தவர். கண்கள் ஒரு வாரமாக உறங்காதவை.

"உறையைத் தொட்டனீங்களோ?"

"ஓம், தொட்டனான். அந்தக் காலத்துச் சுவாமிமார் கட்டிக்காத்த தாள். கண்ணில ஒத்தி, உதட்டால முத்தி செய்தனான். அது குற்றமோ?"

"கையெழுத்து நனைஞ்சிருக்கே?"

மூப்பர் யோசிக்கவேயில்லை. "வாசல்ல தீர்த்தம் தொட்டுச் சிலுவை போட்டு வந்த கை. அந்த ஈரமாயிருக்கும்."

"எந்த வாசல்?"

"பெரிய வாசல். ஞானஸ்நானம் வாங்கின நாள் தொட்டு நான் கை வைக்கிற தொட்டி."

கிளாக்கர் சுவாமியிடம் திரும்பினார். "நான் சைவன், தெரியாமல் கேட்கிறன். வெளியில ஏன் தண்ணிக்கு இவ்வளவு அடிபிடி?"

"இண்டைக்குக் காலமைதானே புதுத் தீர்த்தம் மந்திரிச்சனான். வருசா வருசம் பெரிய வியாழன் பூசை முடிய எல்லாத் தொட்டியையும் வெறுமையாக்கி..."

சுவாமி பாதியில் நின்றார். மூப்பரைப் பார்த்தார். மூப்பர் தன் வலதுகை விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் சொன்னால் பிழையாப் போகும். நேசம் அக்கா சொல்லிப்போட்டா, ரெண்டு நாளாச் சொட்டும் இல்லையெண்டு," என்றார் கிளாக்கர். "நேற்று நீங்கள் கை விட்ட தொட்டியில வெறுங்கல்லுத்தான் இருந்திருக்கும். என்னைப்போல சைவன் எண்டால் குடிச்ச தண்ணி ஊத்துண்டது, மழையில நனைஞ்சது எண்டு ஏதாவது புளுகியிருப்பன். கோவிலுக்க ஈரக்கை எண்டதும் உங்களுக்குத் தீர்த்தத்தை விட்டால் வேற நினைவு வராது. ஐம்பது வருசப் பழக்கம் காட்டிக் குடுத்திட்டுது. தாளை எடுத்தது நீங்கள்தான். என்ன விலை பேசினது?"

ஹியூபேட் கதிரையில் இருந்துவிட்டார்.

"ஒரு லொறி. இண்டைக்கு இருட்டினதும் குருநாகலுக்கு. முதலாளி பெற்றோலும் தாறன் எண்டவர். எனக்கு நாலு பிள்ளையள், ஐயா. சைரன் பழக்கத்துக்கு ஊதினாலே சின்னவள் கட்டிலுக்குக் கீழ ஓடுறாள்."

"லொறி இன்னும் வரேல்ல. அப்ப தாளும் இன்னும் உங்களிட்டத்தான். கடைக்காரன் சாமானைக் கண்ணால காணமுன் காசை நீட்டமாட்டான்."

மூப்பர் மேற்சட்டையின் உட்பையிலிருந்து தீர்ப்பை எடுத்து மேசையில் வைத்தார். "லொறி போனபிறகு உங்களிட்டப் பாவசங்கீர்த்தனம் செய்ய இருந்தனான், சுவாமி."

"களவெடுத்ததைக் குடுத்து வாங்கின லொறியை அனுப்பிப்போட்டு மன்னிப்புக் கேட்கிறதோ?"

"பிள்ளையளைக் காப்பாத்திறது பாவமோ?"

சுவாமி குருமடத்தில் படித்ததில் அதற்குப் பதில் இருந்தது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்லக்கூடிய பதிலாக அது இல்லை.

"அது பாவமில்லை," என்றார். "ஆனால் நீர் குடுக்கப் போனது உம்முடைய பொருளில்லை. செவ்வாய்க்கிழமை கோட்டில ஏறி நிண்டு நடந்ததைச் சொல்லும். பிறகு என்னட்ட வாரும்."

யன்னலில் இரண்டு போத்தலோடு ஒரு தலை. நேசம் முழுவதையும் கேட்டிருந்தாள்.

"நல்ல மூப்பர்! மத்தேயு எண்ட ஆயக்காரனையே ஆண்டவர் சீஷனாக்கினவர். நீர் சீஷனா இருந்து ஆயக்காரனிட்ட வேலைக்குப் போயிருக்கிறீர். ஞாயிறும் பெரிய வெள்ளியும் கழிச்சு நாப்பத்தொரு நாள், நாளுக்கு ரெண்டு கூடை அந்தக் கம்பிக்குக் கட்டினனான், தெரியுமோ?"

ஹியூபேட் எழுந்து கதிரையை மேசையடியில் தள்ளினார்.

"இனி அந்த லொறியும் வராது," என்றாள். கொஞ்சநேரம் முணுமுணுத்தாள். "பிள்ளையளை வெளிக்கிடுத்தும். பின்னேரக் கோச்சி இருக்கு. மருதானை ஸ்ரேசன் மட்டும் என்ர தள்ளுவண்டியில ஏத்துறன். மீன் மணக்கும், சொல்லிப்போட்டன்."

பின்னேரம் 3.20. சந்து.

வண்டியில் நான்கு பிள்ளைகள். பின்னால் மூட்டையோடு தாய், அவளுக்குப் பின்னால் ஹியூபேட். தீர்ப்புத்தாளைச் சட்டைக்குள் வைத்துப் பொத்தான் போட்ட கிளாக்கரும் கூடவே நடந்தார்.

கம்பியடி ஆள் வண்டிக்குள் எட்டிப் பார்த்தான். "பிள்ளையெண்டாலும் பாரம்தானே, அக்கே. நாலு கூடைக் கணக்கு. பன்னிரண்டு சதம்."

நேசம் கம்பியைத் தன் கையாலேயே தூக்கினாள். "செவ்வாய்க்கிழமை கோட்டில வந்து வாங்கு, மல்லி." அவன் சிங்களத்தில் அக்கா என்றான், அவள் தம்பி என்றாள்.

வண்டி கடந்தது. சிவபாதசுந்தரம் மதிலோரம் நின்று கொப்பியில் எழுதினார்:

நேசத்திடம் எடுத்த ஆயம், 41 நாள், நாளுக்கு 6 சதம்: ரூபா 2.46.
நேசம் கட்டாமல் விட்டது: 12 சதம். கழிக்கத் தேவையில்லை, சந்து பொதுவழி.
முதலாளி நேசத்துக்குத் திருப்பிக் கொடுக்கவேண்டியது: ரூபா 2.46.