ஒற்றைக்கோடு

துளிமானியில் விரலை வைத்தால் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து அரை நிமிடத்தில் கோடு போடும். ஒரு கோடு என்றால் ஹெபடைடிஸ் பி இல்லை. இரண்டு கோடு என்றால் அன்றைக்கே மாத்திரை. ஒரு மாதத்தில் வைரஸ் காலி. பள்ளி, பேருந்து நிலையம், கல்யாண மண்டபம் என்று எல்லா வாசலிலும் துளிமானி வந்து இருபது வருடமாகிறது. கல்யாணப் பத்திரிகையில் 'இருவரும் ஒற்றைக்கோடு' என்று அச்சடிப்பதும் வழக்கமாகிவிட்டது.

தர ஆய்வகத்தில் புதிய துளிமானியின் சோதனை முடிந்திருந்தது. ஆயிரம் ரத்த மாதிரிகள். ஆயிரத்திலும் அதன் விடை, எல்லாத் துளிமானிகளையும் ஒப்பிட்டுப் பார்க்க ஆய்வகம் வைத்திருக்கும் மூலமானி சொன்ன விடையோடு பொருந்தியது.

"ஆயிரத்துக்கு ஆயிரம்! கையெழுத்தைப் போடும்மா, லட்டு வந்துட்டிருக்கு" என்றார் இயக்குநர் ராஜநாயகம்.

சோதனை அதிகாரி பூங்கோதை கையெழுத்திட்டால், மூலையில் நிற்கும் பழைய மரபணு எண்ணி இனித் தேவையில்லை என்று காயலான் கடைக்குப் போய்விடும்.

"ஒரு குப்பி பாக்கி சார்."

குளிர்பெட்டியில் நான்கு வருடம் அவள் காத்து வைத்திருந்த கணவனின் ரத்தம். ஈரல் கருகி இறந்தவன் இளஞ்சேரன். கடைசி வாரம்வரை ஒற்றைக்கோடுதான்.

துளிமானி ஒரு கோடு போட்டது. மூலமானியும் 'இல்லை' என்றது.

"பாத்தியா? அவருக்கு அது இல்லவே இல்லை."

"அப்ப எதுல போனார் சார்?"

பூங்கோதை அதே ரத்தத்தை மரபணு எண்ணியில் வைத்து ஓட்டினாள். நாற்பது நிமிடத்தில் எண் வந்தது: ஒரு சொட்டில் நாலு லட்சம் வைரஸ்.

"பழைய மெஷின், உளறுது."

"இது வைரஸோட மரபணுவையே எண்ணுது சார். துளிமானிக்கு மார்க் போட்டது யாரு?"

"மூலமானி."

"பழசு, புதுசு, மூலமானி எல்லாத்துலயும் வைரஸைப் பிடிக்கிற கொக்கி ஒண்ணுதான். ஒரே நோட்ஸைப் படிச்ச பையனும் வாத்தியாரும். விடை ஒத்துப்போகாம என்ன செய்யும்?" அவள் எண்ணியின் திரையை அவர் பக்கம் திருப்பினாள். "கொக்கியில மாட்டின வைரஸையெல்லாம் மாத்திரை கொன்னுடுச்சு. உருவம் மாறி மாட்டாம நழுவினது மட்டும் பெருகியிருக்கு. நாமளே இருபது வருஷமா பொறுக்கி எடுத்து வளர்த்திருக்கோம்."

அறிக்கையில் 'துல்லியம்: நூற்றுக்கு நூறு' என்றிருந்ததை அவள் அடிக்கவில்லை. பக்கத்தில் 'தனக்குத் தெரிந்த வைரஸில் மட்டும்' என்று சேர்த்துக் கையெழுத்திட்டாள்.

லட்டு வந்தது. யாரும் தொடவில்லை.

ராஜநாயகம் எண்ணியையே பார்த்துக்கொண்டிருந்தார். "இது ஒரு நாளைக்கு எத்தனை பேரைப் பார்க்கும்?"

"பன்னிரண்டு."

மேஜைமேல் 'இருவரும் ஒற்றைக்கோடு' என்று அச்சடித்த அவர் மகளின் கல்யாணப் பத்திரிகை கிடந்தது. அதைக் கவிழ்த்து வைத்தார்.

"நாளைக்கு இதுல ரெண்டு பேருக்கு இடம் பிடிச்சு வை" என்றார்.