நாய் ஏறும் ஏணி

ஏணியின் கீழ்ப்படி ஈரமாக இருந்தது.

கார்த் அதைத் தற்செயலாகத்தான் தொட்டான். மூன்றே படி உள்ள அலுமினிய ஏணி. வாத்தைக் கவ்விக்கொண்டு நீந்தி வரும் நாய் படகில் ஏறுவதற்காக, விளிம்பில் கொக்கி போட்டு மாட்டுவது. ஒரு வருஷமாக ஷெட் சுவரில் ஆணியில் தொங்குகிறது. மேலே இரண்டு படிகளிலும் தூசி அப்பியிருக்க, கீழ்ப்படியிலிருந்து மட்டும் நீர் சொட்டுச் சொட்டாகச் சிமெண்டுத் தரையில் விழுந்துகொண்டிருந்தது. கூரையைப் பார்த்தான். தகரம் காய்ந்து கிடந்தது. குனிந்து முகர்ந்தால் ஏரிச் சேற்று நாற்றம். பழைய துணியால் அழுத்தித் துடைத்துவிட்டுப் படகின் பக்கம் திரும்பினான்.

வேலைக்குப் பஞ்சமில்லை. நாளை மே மாதத்தின் முதல் சனிக்கிழமை. விடிந்தால் வாத்து வேட்டை சீசன், வைகாட்டோ வட்டாரம் முழுக்கத் துப்பாக்கி வெடிக்கும். பன்னிரண்டடித் தகரப் படகு டிரெய்லரில் நின்றது. பளபளப்புத் தெரியாமல் சேற்று நிறம் அடித்தாயிற்று. கால் பட்டு ஓசை எழாதபடி அடியில் ரப்பர் பாய் விரித்தாயிற்று. இனி இரு பக்கச் சட்டங்களிலும் மறைப்புக்குக் கோரை கட்ட வேண்டும், நிஜ வாத்துகளை ஈர்க்க மிதக்கவிடும் பொய் வாத்துகளின் கயிற்றுச் சிக்கலை எடுக்க வேண்டும். எதிலும் மனம் நிற்கவில்லை. இரண்டு கட்டுக் கோரை கட்டுவான், எழுந்து போய் ஏணியைத் தொட்டுப் பார்ப்பான், துடைப்பான், திரும்பி வருவான். மதியத்துக்குள் நான்கு முறை துடைத்துவிட்டான்.

பிப் அந்த ஏணிக்குக் கீழேயே உட்கார்ந்திருந்தது. கறுப்பு லாப்ரடார். ராவிரி வளர்த்த நாய்.

ராவிரி, கார்த்தின் மனைவி நைரிக்கு அண்ணன். போன வருஷம் சீசன் தொடங்கிய அன்று மூடுபனியில் இதே படகிலிருந்து விழுந்தான். உடல் கிடைக்கவே இல்லை. சத்தம் கேட்டுத் திரும்பினேன், ஆளைக் காணோம், கைவலிக்கத் தேடினேன், விசிலை ஊதி ஊதிப் பார்த்தேன் என்று கார்த் போலீஸிடம் சொன்னான். ஊரே அவன் தோளைத் தட்டி ஆறுதல் சொன்னது. பிப் மட்டும் அன்றிலிருந்து வாலை ஆட்டுவதில்லை.

நைரி சூடான முட்டைப் பலகாரத் தட்டுடன் ஷெட்டுக்குள் வந்தாள்.

"இன்னும் பாதிகூடக் கட்டலையா? நீ கட்டி முடிக்கிறதுக்குள்ள வாத்தெல்லாம் வயசாகிச் செத்துரும்."

அவன் சிரிக்கவில்லை. அவள் கண் சுவருக்குப் போயிருந்தது.

"இது ஏன் இங்க தொங்குது?"

"அப்புறமா கழட்டி வச்சேன்."

"அப்புறம்னா?"

"எல்லாம் முடிஞ்சப்புறம். போலீஸ் படகைத் திருப்பிக் குடுத்தப்புறம்."

அவள் மேல்படித் தூசியில் ஒரு விரலை ஓட்டினாள். அந்த விரலையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாட்டு. நாளைக்கு நானும் வர்றேன், அண்ணன் உக்காந்த பலகையிலதான் உக்காருவேன்."

"உனக்கு எதுக்கு இந்தக் குளிர்ல..."

"வாத்துக்காக வரலை. எந்த இடம், எப்படி விழுந்தான்னு நீ எனக்குக் காட்டணும். அங்க வச்சு என் மூஞ்சியப் பாத்துச் சொல்லணும். அவ்ளோதான்."

கார்த் குனிந்து கோரைக் கட்டை இறுக்கினான். போலீஸிடம் பொய் சொல்லிவிட்டான், ஊரிடம் சொல்லிவிட்டான். அந்த இடத்தில், அந்தப் பலகையில் உட்கார்ந்திருக்கும் இவளிடம் சொல்ல நாக்கு எழாது. சொல்லாவிட்டால் இவளும் போய்விடுவாள், வீடும் போய்விடும்.

போன வருஷம் படகில் ஏணி இல்லை. கடகடத்து வாத்தை விரட்டுகிறது என்று முந்தைய நாள் அவனே கழற்றி அந்த ஆணியில் மாட்டியிருந்தான். ராவிரி விழுந்ததை அவன் பார்த்தான். நெஞ்சுவரை ரப்பர் உடுப்பு, அதற்குள் நிறைந்த தண்ணீர், விளிம்பைப் பற்றித் தொங்கிய ஒரு கை. "ஏணி எங்க மாப்ள?" என்றுதான் கேட்டான். படகு சாய்ந்தது, தண்ணீர் உள்ளே ஏறியது, கார்த்துக்கு உயிர்ப்பயம் வந்துவிட்டது. முதலில் அந்தக் கையின் ஆள்காட்டி விரலை விளிம்பிலிருந்து எடுத்தான். பிறகு அடுத்ததை. குளிரில் விறைத்திருந்ததால் ஒவ்வொன்றையும் பின்பக்கமாக வளைக்க வேண்டியிருந்தது.

சாயங்காலம் நாலு மணிக்கு நைரி காரைப் பின்னால் ஓட்டி, டிரெய்லரை ஏரிக்குள் தள்ளிப் படகை இறக்கினாள். ஏணியை அவளே இடப்பக்கம் மாட்டி, இழுத்தும் பார்த்தாள். பிப் தானாகவே படகில் ஏறிப் பலகையில் உட்கார்ந்தது.

"பொய் வாத்தைப் போட்டுட்டு உடனே வந்துடு. லைட்டைப் போட்டு வைக்கிறேன்."

நூறு கஜம் போவதற்குள் பனி கரையை மூடிவிட்டது. அழுகிய கோரையின் புளித்த வாசமும், துடுப்பிலிருந்து வடியும் நீரின் ஓசையும், எங்கோ கண்ணுக்குத் தெரியாத அன்னங்கள் சிறகடித்து அமரும் சத்தமும் சூழ்ந்திருக்க, அவன் பொய் வாத்துகளை ஒவ்வொன்றாக ஈயக்குண்டோடு நீரில் இறக்கினான். நிமிர்ந்து ஏணியைப் பார்க்காமல் இருக்கத்தான் வேலையை வேகப்படுத்தினான்.

பின்னால் தண்ணீரில் ஏதோ விழுந்தது.

திரும்பினான். பலகையில் பிப் இல்லை. நிஜ வாத்தைக் கண்டு குதித்திருக்கும், சனியன். இந்தப் பனியில் வழி தவறினால் நாய் விறைத்துப் போகும். அண்ணன் விட்டுப்போன நாயையும் தொலைத்துவிட்டு நைரி முன்னால் போய் நிற்க முடியுமா?

நாயைக் கூப்பிட ராவிரி ஊதும் விசில் அவன் கழுத்தில் தொங்கியது. அன்று ஊதி ஊதிப் பார்த்தேன் என்று போலீஸிடம் சொன்ன விசில். அன்று அவன் அதைத் தொடக்கூட இல்லை.

ஊதினான். மூன்று முறை.

பனிக்குள்ளிருந்து நீந்தும் சத்தம் கேட்டது. நேராக, அவசரமில்லாமல், அவனை நோக்கி.

"கார்த்?" கரையிலிருந்து நைரி கத்தினாள். "ஏன் ஊதுற?"

"ஒண்ணுமில்ல! பிப் குதிச்சிருச்சு!"

நீந்தும் சத்தம் படகை ஒட்டி வந்து நின்றது. ஏணியின் கீழ்ப்படி முனகியது. படகு இடப்பக்கம் சாய்ந்தது. நாயின் கனத்துக்கு அவ்வளவு சாயாதே என்று தோன்றுவதற்குள், பழக்கதோஷத்தில், கழுத்தைப் பிடித்துத் தூக்கிவிடக் கையை நீட்டிவிட்டான்.

ரோமம் இல்லை.

ரப்பர்.

கையைப் பிடுங்கிக்கொண்டான். படகின் முனையில், கோரை மறைப்புக்குள்ளிருந்து பிப் எழுந்து வந்தது. உடம்பில் பொட்டு ஈரமில்லை. அவனைக் கடந்து இடப்பக்கம் போனது. வால் தகரத்தில் அடித்தது. டப். டப். டப்.

கொக்கியைக் கழற்றப் பார்த்தான். முடியவில்லை. கீழே கனம்.

இரண்டாவது படி.

பிப் கரைவரை கேட்கும்படி கொஞ்சி முனகியது. கரையில் கார்க் கதவு திறந்தது.

"கார்த்... பிப் எதுக்கு இப்படிக் கொஞ்சுது?" நைரி கரையிலிருந்து கேட்டாள். "அண்ணனைப் பாத்தா மட்டும்தானே அது இப்படிப் பண்ணும்?"



மூன்றாவது படி முனகியது. விளிம்பில் நான்கு விரல்கள். வெளுத்து, ஊறி, ஒவ்வொன்றும் பின்பக்கமாக வளைந்தவை. பிப் அவற்றை ஒவ்வொன்றாக நக்கிக்கொண்டிருந்தது.