மூத்தவருக்கு ஒரு பிடி

தீனியை நிறுத்தி வெகு நாளாகியும் அன்று பிற்பகல் கொல்லைக் குளத்துக் கெண்டைகள் எல்லாம் மேலே வந்திருந்தன.

தொகுஜி ஏணியில் நின்று சமையலறை ஜன்னலுக்குக் குறுக்கே பனித்தடுப்புப் பலகை ஒன்றைச் செருகிக்கொண்டிருந்தபோதுதான் அதைப் பார்த்தார். வானம் கூரை வரைக்கும் இறங்கிக் கிடந்தது. மலைக்கு அப்பால், கடல் பக்கம், முதல் பனிக்கு முன்னால் வரும் இடி அவசரமில்லாமல் உருண்டுகொண்டிருந்தது. பக்கத்து வீட்டில் வெள்ளை முள்ளங்கி ஊறப்போட்ட உப்பு வாசனையும், பலகை இடுக்கில் நசுங்கிய நாற்றப்பூச்சிகளின் நெடியும் கலந்து மூக்கில் ஏறின. இந்தக் குளிருக்கு மீன்கள் குளத்தின் அடியில், சேற்றை ஒட்டி, அசையாமல் கிடக்க வேண்டும். ஆனால் அவை அவர் மனைவி கினுயோ உட்காரும் தட்டைக் கல்லுக்கு எதிரே நெருக்கியடித்து நின்றன. எல்லாத் தலைகளும் கல்லைப் பார்த்திருந்தன. வாய்கள் திறந்து திறந்து மூடின, யாரோ கைதட்டிக் கூப்பிட்டதுபோல.

யாரும் தட்டவில்லை. தட்டுகிறவள் இடுப்பெலும்பு முறிந்து நாகஓகா நகரத்து ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்தாள்.

"என்ன அண்ணே, ஏணியிலயே தூக்கமா?" கீழே அடுத்த பலகையைத் தோளில் வைத்துக்கொண்டு இசபுரோ கேட்டான். பக்கத்து வீட்டுக்காரன். ஒவ்வொரு வருஷமும் இந்த வேலைக்கு வந்து கைகொடுப்பான். அதற்குக் கூலியாக வாய் ஓயாமல் பேசுவான்.

"மீனப் பாரு."

இசபுரோ எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "அக்காவத் தேடுது. பாவம், நீங்க நல்லா தின்னு தெம்பாத்தான் இருக்கீங்க. மூத்தவர்தான் ஏக்கத்துல இளைச்சுட்டார்."

கூட்டத்தின் நடுவில் அது நின்றது. அரிசி மாவு நிறத்தில் நீண்ட வெள்ளை உடம்பு. வேறெங்கும் ஒரு புள்ளி கிடையாது, உதட்டில் மட்டும் சிவப்பு. கினுயோவின் அப்பா கெண்டை வளர்ப்பவர். கல்யாணமாகி வந்தபோது அவள் கொண்டுவந்த பெட்டிகளோடு ஒரு மரத்தொட்டியும் வந்தது. அதற்குள் உள்ளங்கை நீளத்துக்கு இது இருந்தது. "உங்களுக்கு முன்னாடியே இவர எனக்குத் தெரியும், அதனால இவர்தான் மூத்தவர்" என்று அன்று அவள் சொன்னாள். புது மனைவியின் விளையாட்டு. தொகுஜியும் சிரித்தார். அதன்பின் ஊரே அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டது. வருஷக் கடைசியில் சாக்கே மது குடிக்க உட்காரும்போதெல்லாம் யாராவது ஒருவன், "அப்ப தொகுஜி இளையவரா?" என்பான். ஒவ்வொரு முறையும் அவர் மற்றவர்களைவிடச் சத்தமாகச் சிரித்தார்.

குளிர்காலம் முழுக்க அவர் சாலையில் பனி தள்ளும் வண்டி ஓட்டிக்கொண்டிருந்த வருஷங்களில் அது பெரிதாக உறுத்தவில்லை. வேலையை விட்டு வீட்டோடு இருக்க ஆரம்பித்த பிறகுதான் ஜன்னல் வழியாகப் பார்க்க நேர்ந்தது. கினுயோ கல்லில் உட்காருவாள். உள்ளங்கைகளைக் குவித்துத் தட்டுவாள். ஒரு தட்டு, அதைவிட மெதுவாக இன்னொன்று. வெள்ளைத் தலை தண்ணீரைப் பிளந்துகொண்டு வரும். அதன் நெற்றியை அவள் ஒரு விரலால் தடவிக்கொண்டே பேசுவாள், இடையிடையே சிரிப்பாள். அவர் கதவைத் திறந்து வெளியே வந்தால் பேச்சு நின்றுவிடும். "என்னங்க, டீ வேணுமா?" என்று எழுந்துகொள்வாள். அந்தக் குரலில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. சிரிப்பும் இல்லை.

அன்று மாலை தொலைபேசி அடித்தது.

"தண்ணி எப்படியிருக்கு?" என்றாள்.

"குளிருது."

"இலையெல்லாம் அள்ளிட்டீங்களா? ஊத்துத் தண்ணிக் குழாய மூடிடாதீங்க, பனிக்காலம் பூரா அது மெல்ல விழுந்துட்டே இருக்கணும். மூங்கில் வச்சுப் பலகை போடறப்ப ஓரத்துல ஒரு திறப்பு விடணும், கூரைப் பனியத் தள்ள. அப்புறம் கையத் தட்டித் தொலைக்காதீங்க. தட்டினா மேல வந்துடுவார், உடம்புல இருக்கற தெம்பு போயிடும். தீனி ஒரு பொட்டு கூடாது. இந்தக் குளிர்ல செரிக்காது. வயித்துக்குள்ளயே அழுகிடும்."

"தெரியும்."

"மூத்தவர் எங்க நிக்கறார்?"

"அடில," என்று பொய் சொன்னார். பிறகு, தன்னையும் மீறி, "இங்க நானும் ஒருத்தன் இருக்கேன் கினுயோ," என்றார்.

மறுமுனையில் அவள் சிரித்தாள். "நீங்க என்ன குளத்துக்குள்ளயா கிடக்கீங்க, கவலைப்பட? வீட்டுக்குள்ள தானே இருக்கீங்க!"

மறுநாள் குளத்தை மூடினார்கள். மூங்கில்களைக் குறுக்கே போட்டு, மேலே பலகைகளை வரிசையாக அடுக்கினார்கள். ஒவ்வொரு பலகை விழும்போதும் கீழே தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகக் கறுத்தது. ஓரத்துத் திறப்புக்கு முந்தைய பலகை மட்டும் மிச்சமிருந்தபோது, "நீ போ, இத நான் பாத்துக்கறேன்," என்றார் தொகுஜி.

"மூத்தவருக்குத் தனியா ஏதாச்சும் சொல்லணுமா?" இசபுரோ கண்ணடித்துவிட்டுப் போனான்.

தொகுஜி தட்டைக் கல்லில் உட்கார்ந்தார். அவள் உட்கார்ந்து உட்கார்ந்து கல் நடுவில் வழவழப்பாகியிருந்தது. கையைத் தட்டினார். ஒன்றும் வரவில்லை. மறுபடி தட்டினார், பலமாக. தண்ணீர் அசையவில்லை. அவருக்குக் காது மடல் சுட்டது. இத்தனை வருஷம் குழாய்க்கு அடைப்பு எடுத்தவர் யார், பாசி சுரண்டியவர் யார், பனியில் விறைத்த விரல்களால் பலகை போட்டவர் யார்? உள்ளங்கைகளைக் குவித்தார். அவளைப்போல ஒரு தட்டு. அதைவிட மெதுவாக இன்னொன்று.

அது வந்தது. மற்றவை வரவில்லை. கறுத்த தண்ணீருக்குள்ளிருந்து அந்த வெள்ளை மட்டும் ஏறி வந்து அவர் காலடியில் நின்றது.

தகர டப்பாவைத் திறந்து ஒரு பிடி தீனி அள்ளி, கையோடு தண்ணீரில் வைத்தார். மணிக்கட்டு வரைக்கும் எலும்பு வலித்தது. சிவந்த வாய் அவர் விரல்களின் மேல் கவிந்தது.

சூடாக இருந்தது.

அந்தத் தண்ணீரில், அந்த வாய், காய்ச்சல் கண்ட ஆளின் வாயைப்போலச் சூடாக இருந்தது. அது அவசரப்படவில்லை. ஒவ்வோர் உருண்டையாக எடுத்துக்கொண்டது. கடைசி உருண்டை போன பிறகும் விரல்களை விடாமல், ஒரு பக்கக் கண்ணால் அவரையே பார்த்தது. அவர் கையை உருவிக்கொண்டு பலகையை இழுத்து மூடினார். மூடும்போது அவருக்குள் நெடுநாள் முள் ஒன்று கழன்றதுபோல இருந்தது.

இனி அது மிதக்கும். வெள்ளை வயிறு மேலே திரும்பிக் கிடக்கும். காத்திருந்தால் போதும்.

அன்று சோறு இறங்கவில்லை. மிசோ சூப் மட்டும் குடித்தார்; அதிலும் சேறு வாசம் அடித்தது. மறுநாள் காலையில் வயிறு கல்லைப்போலக் கனத்தது. திறப்பருகே போய்க் குனிந்து பார்த்தார். கறுப்பு. எதுவும் மிதக்கவில்லை. அடுத்த நாளும் பார்த்தார். அதற்கடுத்து இடி நின்று பனி இறங்கியது, இரவு பகல் தெரியாமல், சத்தமே இல்லாமல். கூரையிலும் ரோட்டிலும் வேலியிலும் ஏறி ஏறி வீட்டை எல்லாப் பக்கமும் அணைத்துக்கொண்டது. ஜன்னல் பலகைகளால் உள்ளே நாள் முழுக்க அந்தி. மேலே ஒரு விரற்கடை இடைவெளி. அதன் வழியே மங்கலாகக் கொஞ்சம் வெளிச்சம்.

கம்பளி போர்த்திய கணப்பு மேசைக்குள் கால் நீட்டிப் படுத்தார். மண்ணெண்ணெய் தீர்ந்திருந்தது. ஊற்ற எழுந்திருக்கவில்லை. குளிரவும் இல்லை. அதைப் பற்றி ஆச்சரியப்பட வேண்டும் என்று தோன்றியது, ஆனால் ஆச்சரியம் வர நேரமாயிற்று. எந்த நினைப்பும் மெல்லத்தான் வந்தது. மெல்லத்தான் போயிற்று.

ஊற்றுத் தண்ணீர் விழும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கொல்லையில்தான் விழுகிறது. ஆனால் காதருகே கேட்டது.

தொலைபேசி அடித்தது. எங்கோ தூரத்தில், சுவருக்கு அப்பால். கினுயோதான். அடிக்கட்டும், எடுத்துப் பேசலாம், உன் மூத்தவர் செத்துப்போனார் என்று சொல்லலாம். வாயைத் திறந்தார். மூடினார். திறந்தார்.

யாரோ எடுத்தார்கள்.

அடிப்பது நின்றது. முணுமுணுப்பாக ஒரு குரல் பேசியது. ஈரமான, தாழ்ந்த குரல். பேசி முடித்துச் சிரித்தது.

யார் அது? என் வீட்டில்?

எழ வேண்டும். வயிறு கனத்தது. பிறகு எழலாம்.

பனி இறங்கியது. வெளிச்சம் வந்தது, போயிற்று.

ஒரு நாள் கார்ச் சத்தம். கதவு. ஊன்றுகோல் பனியில் குத்தும் ஒலி. எல்லாம் மேலேயிருந்து கேட்டது. இசபுரோவின் குரல்: "வாங்க அக்கா, பாத்து, வழுக்கும். பாத்தீங்களா, நீங்க வர்றீங்கன்னதும் அண்ணனுக்குப் பத்து வயசு கொறஞ்சிடுச்சு! என்ன அண்ணே, உதடு இப்படிச் செவந்து கிடக்கு? மொளகாயக் கடிச்சிட்டீங்களா?"

அந்த ஈரக் குரல் ஏதோ சொன்னது.

கினுயோ சிரித்தாள்.

அந்தச் சிரிப்பை அவருக்குத் தெரியும். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்று இத்தனை வருஷம் கேட்ட சிரிப்பு. ஒரு நாளும் அவருக்காக வராத சிரிப்பு.

நெஞ்சுக்குள் பழைய சூடு பற்றியது. எழுந்தாக வேண்டும். கையை ஊன்றினார்.

ஊன்றக் கை இல்லை.

மறுபடி முயன்றார். உடம்பு முழுக்க ஒரு நெளிவாக நெளிந்தது. கீழே தரை இளகிக் கலங்கியது. சேறு. பக்கத்தில் யார் யாரோ கிடந்தார்கள். குளிர்ந்த, வழுவழுப்பான உடம்புகள், வரிசையாக, அசையாமல். வெளிச்சம் வரும் இடைவெளியைப் பார்த்தார். பலகைகள் ஜன்னலில் இல்லை.

தலைக்கு மேலே இருந்தன.

திறப்பில் நிழல் விழுந்தது. கினுயோ. மெலிந்திருந்தாள். ஊன்றுகோலில் சாய்ந்து குனிந்து பார்த்தாள். கினுயோ, என்றார். கினுயோ. வாய் மட்டும் திறந்து மூடியது.

"ஒண்ணும் தெரியலயே," என்றாள். "எல்லாம் அடில தூங்குது போல. நீங்க தீனி எதுவும் போடலயே?"

அவள் தோளுக்குப் பின்னால் பழுப்பு ஜாக்கெட் ஒன்று தெரிந்தது. அவருடைய ஜாக்கெட். அதன் கழுத்துப் பட்டைக்கு மேல் அரிசி மாவு நிறத்தில் ஒரு முகம். இமைக்கவில்லை. அது மெதுவாகத் தலையை ஆட்டியது. இல்லை.

"மோவாயெல்லாம் எப்பவும் ஈரம்," என்று கினுயோ கழுத்துத் துண்டை எடுத்து அந்த முகத்தை ஒற்றினாள். நிதானமாக. பிறகு ஒரு விரலால் அதன் நெற்றியைத் தடவினாள். "உள்ள வாங்க. டீ போடறேன்."

ஊன்றுகோல் ஒலி நகர்ந்தது. கதவு மூடியது.

ஜாக்கெட் போகவில்லை.

அது கல்லில் உட்கார்ந்தது. தகர டப்பா மூடி திறக்கும் ஓசை. பிறகு குவிந்த உள்ளங்கைகள். ஒரு தட்டு.

அதைவிட மெதுவாக இன்னொன்று.

தொகுஜி போகவில்லை. போகக் கூடாது. ஆனால் உடம்பு தானாகச் சேற்றை விட்டுக் கிளம்பியது. மற்றவை கிளம்பவில்லை. அவர் மட்டும் ஏறினார். கறுப்பு விலகியது. வெளிச்சம் கண்ணில் குத்தியது. பனி படிந்த தண்ணீருக்குள் ஒரு கை இறங்கிக் காத்திருந்தது, வெளுத்து, நகமில்லாமல். உள்ளங்கையில் ஒரு பிடி தீனி.

செரிக்காது. அவருக்குத் தெரியும்.

வீட்டுக்குள் கினுயோ யாரையோ, "என்னங்க," என்று கூப்பிட்டாள்.

மேலே, ஜாக்கெட்டுக்குள் இருந்த முகத்தின் சிவந்த உதடு விரிந்தது. கை இன்னும் கொஞ்சம் கீழே வந்தது.

அவர் வாய் திறந்தது.