கழற்றிய தாழ்ப்பாள்

“அவன் உதைச்சது என்ர கதவு, பிள்ளை. வீட்டை விடு எண்டுறன்.”

“உதைச்சவனை விட்டிட்டு என்னை ஏன் அன்ரி கிளப்புறியள்? கிட்ட வரக்கூடாதெண்டு கோட்டில கட்டளை எடுத்திருக்கிறன்.”

“கட்டளை உன்ர புருசனுக்கு. என்ர வீட்டுக்கில்லை.”

வேலிக்கு இப்பால் நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். அவ்வளவு நேரம் களைந்த அரிசியில் என்ன மிஞ்சும் என்று கேட்காதீர்கள்.

வீட்டுக்காரி அன்ரோனெற், மாதா கோயிலில் முன்வரிசை வாங்கை விடாதவள். சுவேதினி அரிப்பு ஊரிலிருந்து, புருசன் அடித்து வீங்கிய முகத்தோடும் சின்ன மகளோடும் வாடகைக்கு வந்தவள். இந்த வீட்டை விட்டால் அவளுக்குப் புருசன் வீடுதான்.

அன்ரோனெற் வாசலுக்குப் போனாள். கதவின் உள்தாழ்ப்பாளைக் கழற்றிக் கையோடு கொண்டுபோனாள். ஆட்களைக் கிளப்ப அது அவளுடைய முறை. முன்பு குடியிருந்த ஜெசிக்காவுக்கும் அதையே செய்தாள். பூட்டாத வீட்டில் படுக்கப் பயந்து ஜெசிக்கா ஓலைத்தொடுவாய்க்குப் புருசனிடமே போனாள். பிறகு அவளைக் கடலில்தான் பிணமாக எடுத்தார்கள். செத்தவீட்டில் கோப்பி நன்றாக இருந்தது என்றாள் அன்ரோனெற்.

அன்று பொழுது சாய, கோயில் மணி அடித்து ஓய்ந்தது. மதிலோரம் படுத்திருந்த கழுதைகள் எழுந்து சத்தமில்லாமல் விலகின. சுவேதினியின் புருசன் கீர்த்தனன் வந்தான். சாராய வாடை வேலியைத் தாண்டியது.

கதவு சாத்தித்தான் இருந்தது. தள்ளினால் திறக்கும்.

அவன் படியேறினான்.

உள்ளே இரும்பு இரும்பில் உரசியது. மெதுவாக.

டக்.

அவன் தள்ளினான், உதைத்தான், தோளால் மோதினான். கதவு அசையவில்லை. இடுக்கு வழியாகக் கடற்பாசி வாடை வந்தது. அவன் பின்னுக்கே நடந்து ஒழுங்கையில் மறைந்தான்.

நான் போய்த் தொட்டதும் கதவு திறந்தது. சுவேதினி மகளை மடியில் வைத்துக்கொண்டு எதிர்ச் சுவரோடு இருந்தாள்.

“ஆர் பூட்டினது, பிள்ளை?”

“நான் எழும்பேல்லை அக்கா. ஆரோ என்னைத் தாண்டிப் போனது. பாவாடை நனைஞ்சிருந்தது.”

கதவில் திருகாணித் துளைகள் மட்டும் இருந்தன. தொட்ட விரலில் உப்பு ஈரம்.

கீர்த்தனன் கட்டளையை மீறியதற்கு மறியல் சிறையில் இருந்துவிட்டு, வவுனியாப் பக்கம் இன்னொருத்தியைக் கட்டியிருக்கிறானாம். அவளுக்கு யார் வீடு கொடுப்பார்களோ. அன்ரோனெற் முருங்கனுக்கு மகனிடம் போய்விட்டாள். இங்கே அவளுடைய அறைத் தாழ்ப்பாள் விடியும்போதெல்லாம் கழன்று நிலத்தில் கிடந்ததாம். முருங்கனிலும் அப்படித்தானாம்.

சுவேதினி அதே வீட்டில்தான் இருக்கிறாள். கதவுக்குத் தாழ்ப்பாள் இன்னும் போடவில்லை. பொழுதுபட்டதும் வேலிக்கு இப்பால் எனக்குக் கேட்கும்.

டக்.