மச்சான் பிடித்த கயிறு

"கப்பல் இங்கனதான் கெடக்கு," என்று சொல்லி ஜெரோம் நங்கூரத்தை வீசினான். "செம்புக் கட்டிய அள்ளிட்டுப் பொழுது சாயுமுன்ன கரை சேந்துரணும்."

தூத்துக்குடியிலிருந்து விடிந்ததும் கிளம்பிய வள்ளத்தில் மூன்றே பேர். ஜெரோம், அவன் அண்ணன் தொம்மை, அவர்கள் தங்கை பிலோமியைக் கட்டிய கஸ்பார். வெள்ளைக்காரன் காலத்தில் மூழ்கிய கப்பலைத் தேடி வந்திருந்தார்கள். மற்ற இருவருக்கும் ஆசை பெரிது. கஸ்பாருக்குப் பயம் பெரிது.

கஸ்பாருக்குத் தண்ணீருக்குள் மூச்சே தேவையில்லை. பிறவியிலேயே அப்படி. அவன் அப்பாவுக்கும் அதே வரம். ஊருக்குத் தெரிந்துபோனதால், எவனும் இறங்காத பள்ளத்தில் எல்லாம் அவரையே இறக்கினார்கள். ஒருநாள் பாறை சரிந்து அவர் ஏறி வரவில்லை. "எல்லாரும் ஏறும்போது நீயும் ஏறிரணும்" என்று அம்மா இவனிடம் சத்தியம் வாங்கினாள். அதிலிருந்து பிழைப்பே நடிப்புத்தான். சங்கு குளிக்கும்போது கடலடியில் உட்கார்ந்து, 'அருள் நிறைந்த மரியே' ஜெபத்தை எண்ணிச் சொல்லி நேரம் பார்ப்பான். மற்றவர்கள் ஏறும் நேரத்தில் தானும் ஏறி மூச்சிரைப்பான். வலிக்காத நெஞ்சுக்கு வீட்டில் பிலோமி தைலம் தேய்ப்பாள். பாவம், அவளுக்கும் தெரியாது.

மூச்சடக்கிக் குதிப்பவனின் கயிற்றை மச்சான்தான் பிடிக்க வேண்டும் என்பது அந்தக் கரையின் வழக்கம். தங்கை தாலியறுக்க எந்த அண்ணன் விடுவான்? குதித்தவன் மேலே வரும்வரை தலை போனாலும் கயிற்றை விடக்கூடாது.

வள்ளத்தில் ஓடும் கம்ப்ரஸரிலிருந்து காற்று வரும் குழாயை வாயில் கவ்விக்கொண்டு ஜெரோம் இறங்கினான். செம்பு கூடை கூடையாக மேலே வந்தது. திடீரென்று கூடைக் கயிறு தாறுமாறாக ஆடியது. இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனையைத் தொம்மையிடம் கொடுத்துவிட்டுக் கஸ்பார் குதித்தான்.

கப்பலின் வயிற்றுக்குள் ஜெரோமின் காலை ஓர் இரும்புத் தகடு அழுத்திக் கிடந்தது. கஸ்பார் தோள் கொடுத்து நெம்பினான். தகடு அசைந்தது. இன்னொரு நெம்பு நெம்பினால் போதும். அதற்குள் இடுப்புக் கயிறு இழுத்தது. நேரம் முடிந்துவிட்டது. கயிற்றை அறுத்துவிட்டு அங்கேயே நின்றிருக்கலாம். நின்றால் தொம்மைக்குத் தெரிந்துவிடுமே. ஜெரோம் அவன் கையைப் பற்றினான். பாவி கஸ்பார், அந்தப் பிடியை விடுவித்துக்கொண்டு ஏறினான்.

மேலே வழக்கம்போல மூச்சிரைத்தான். மறுபடி குதிக்கப்போகும் நேரத்தில் கம்ப்ரஸர் இன்ஜின் திக்கியது.

"டீசல் அடைச்சிருக்கு மாப்ள," என்றான் தொம்மை. "அதப் பாக்கவா, கயித்தப் பிடிக்கவா?"

'எனக்குக் கயிறு வேண்டாம், இன்ஜினைப் பாருங்க' என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. வாயைத் திறந்தபோது வேறு வந்தது.

"கயித்தப் பிடிங்க மச்சான். ஒரே நெம்புதான்."

ஒரே நெம்பில் முடியவில்லை. தகடு சேற்றில் இன்னும் ஆழமாக இறங்கியிருந்தது. இந்த முறை கயிறு இழுத்தபோது கஸ்பார் ஏறவில்லை, வெறிபிடித்தவனாக நெம்பினான். காலை விடுவித்தபோது ஜெரோமின் வாயிலிருந்து குமிழி வருவது நின்றிருந்தது.

உடலை அணைத்துக்கொண்டு மேலே வந்தான். இன்ஜின் ஊமையாகக் கிடந்தது. தொம்மை அசையாமல் நின்றான். கயிறு இரண்டு உள்ளங்கைகளையும் கிழித்திருந்தது.

"நின்னு போச்சு மாப்ள. கயித்த விடாம கைய நீட்டிப் பாத்தேன், எட்டல. கயித்த விட்டுட்டா பிலோமி மூஞ்சில எப்பிடி முழிப்பேன்?" அவன் கைகளை விரித்துக் காட்டினான். "ஒருத்தனையாவது காப்பாத்திட்டேன்லா?"

கஸ்பார் தலையை ஆட்டினான். உண்மையைச் சொன்னால் இவனுக்கு அந்த ஒன்றும் இல்லாமல் போய்விடும்.

கரையில் செம்பைப் பார்த்து வாயைப் பிளந்த கூட்டம், பிறகு ஜெரோமைப் பார்த்து அலறியது. பிலோமி அண்ணன் மேல் விழுந்து அழுதாள். அப்புறம் எழுந்து வந்து, தொம்மையின் கிழிந்த கைகளை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

கஸ்பார் தள்ளி நின்று மூச்சிரைத்துக்கொண்டிருந்தான். யாரும் அவனைப் பார்க்கவில்லை. ஆனாலும் அவனுக்கு நிறுத்தத் தெரியவில்லை.